பன்னிரண்டடி தள்ளி ஒரு தோட்டம்

ஆறாம் அறையில் மாட்டியிருந்த கடலோரத் தோட்டத்து ஓவியத்திலிருந்து காற்று வீச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. முதலில் பறந்தது காவல்காரம்மாவின் மடியிலிருந்த நூல்கண்டு. அது உருண்டு ஐந்தாம் அறைக்குள் போய், கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழைய கடிகாரங்களின் காலடியில் நின்றது. காவல்காரம்மா எழுந்து போய் எடுத்து வந்தாள். ஜன்னலைச் சாத்தலாம் என்று திரும்பிப் பார்த்தாள். ஆறாம் அறைக்கு ஜன்னலே கிடையாது என்பது இருபது வருஷ வேலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நாட்பதிவேட்டில் 'காற்று, மிதமானது' என்று எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னலைத் தொடர்ந்தாள்.

அது சிமெண்ட் ஆலை ஊர். கூரை, மரம், கொடியில் உலர்த்திய துணி, அசையாமல் படுத்திருக்கும் நாய், எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் பழுப்பு படிந்திருக்கும். கடல் அங்கிருந்து ரயிலில் மூன்று நாள். ஊரில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒரு தபால்காரரையும் யாரும் நம்பவில்லை. ஆலையின் முதல் முதலாளி சாகும்போது தன் வீட்டையும் அதில் மாட்டியிருந்த படங்களையும் ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். நம்ம மூச்சை வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்த வீடுதான் அருங்காட்சியகம். ஆறாம் அறைப் படம் இம்ப்ரெஷனிச வகையைச் சேர்ந்தது என்று பக்கத்தில் தொங்கிய அட்டை சொல்லும். கிட்டே போய்ப் பார்த்தால் அங்கே படமே இல்லை. பெயிண்ட் அடிக்கிறவன் கை துடைத்துப் போட்ட துணி மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பன்னிரண்டு அடி எடுத்து வைத்துப் பின்னால் வந்து நின்றால் திட்டெல்லாம் ஒன்றுகூடிவிடும். சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் சிவப்புப் பூச்செடிகள், கீழே இறங்கும் மூன்று படிகள், ஒரு வெள்ளைக் கதவு, அதற்கப்பால் ஈர மணல், கடல், தூரத்தில் இரண்டு பாய்மரம். எப்போதும் அங்கே காலை பதினோரு மணி வெயில். பதினோராவது அடியில் நின்றால் தோட்டம் இல்லை, பதின்மூன்றில் மங்கிவிடும், பன்னிரண்டுதான் கணக்கு. அட்டையின் கடைசி வரியில் 'மனிதர்: இல்லை' என்று இருந்தது.

அருங்காட்சியகத்தில் படங்களைத் துலக்கும் வேலை பார்த்தவரை ஊரில் பஞ்சுக்காரர் என்றார்கள். மூங்கில் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, படத்தின் மேல் மெல்ல உருட்டுவது அவர் வேலை. தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்; ஆனால் சாயத்தைத் தொடாமல் அழுக்கை மட்டும் எடுப்பதற்கு எச்சிலை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. துலக்கும் நாட்களில் அவர் வெங்காயம் சாப்பிட மாட்டார், புகை பிடிக்க மாட்டார், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். கோபத்தில் எச்சில் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. படத்தின் மேல் நூல் கட்டி, தீப்பெட்டி அளவுக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால், ஒரு கட்டம் முடியும்வரை நிமிர மாட்டார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு விதி: எச்சிலுக்கு அசைந்தால் அழுக்கு, அசையாவிட்டால் சாயம். நூறு வருஷத்துச் சாயம் எச்சிலுக்கெல்லாம் அசையாது. இருபத்தாறு வருஷத்தில் இந்த விதி அவரை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. துடைத்த பஞ்சையெல்லாம் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் போட்டு, படத்தின் பெயரை எழுதி ஒட்டி, கிடங்கில் அடுக்குவார். படத்திலிருந்து எடுத்த அழுக்கும் அருங்காட்சியகத்தின் சொத்து என்று விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. அப்படிப் பதினோரு ஜாடி சேர்ந்திருந்தது.

அவருக்கு ஒரே மகள். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது பஞ்சுக்காரரின் மனைவி நெஞ்சில் சிமெண்ட் கட்டி இறந்துபோனாள். அந்த ஊரில் அது சாதாரணச் சாவு. பன்னிரண்டு வயதில் மகளுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இழுக்கும்போது மெல்லிசாக ஒரு விசில் கேட்கும், விடும்போது கடைசியில் இரண்டு சின்ன இருமல். பள்ளிக்கூடத்தில் விசில் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வரவில்லை. "நான் வர்றது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சுடுது, நல்லதுதானேப்பா" என்றாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. மூச்சோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவளுடைய தோள்கள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறிப்போய் நின்றன. டாக்டர் சீட்டில் 'கடற்காற்று' என்று எழுதி, மூன்று வேளை என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மருந்துக்கடைக்காரர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டாக் இல்லை என்றார்.

நூல்கண்டு பறந்த செய்தி பஞ்சுக்காரரின் காதுக்கு வந்தபோது அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆறாம் அறைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் விசில் சத்தம் பாதியாகக் குறைந்தது. அறை குளிர்ந்திருந்ததால் காவல்காரம்மா அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவதாகச் சொல்லி, என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாள்.

"சிவப்பு அத்தை. அந்தப் பூ இருக்கு பாருங்க, அந்தச் சிவப்பு."

"சிவப்பெல்லாம் வேண்டாம்மா" என்றார் பஞ்சுக்காரர். "பழுப்புல போடுங்க. அழுக்குத் தெரியாது."

வாழ்நாளெல்லாம் அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் வேறென்ன சொல்வார். விசில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பழுப்பையே போட்டுக்கொண்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெஞ்சுக்கு வந்துவிடுவாள். ஒரு வாரத்தில் அவள் காலுறையை உதறினால் மணல் விழுந்தது. இரண்டாவது வாரம் தலைமுடியில் ஒரு சிவப்பு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. விஷயம் பரவி, ஆலையில் ஓய்வு பெற்ற ஏழெட்டுக் கிழவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அருங்காட்சியக இயக்குநர், இருமுகிறவர்கள் வரிசையில் வரவும் என்று ஒரு பலகை மாட்டினார். பஞ்சுக்காரர் தன் பட்டறையிலிருந்து நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மகளுடைய விசில் சத்தம் குறையக் குறைய அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

அவள் உள்ளே போனது ஒரு வியாழக்கிழமை. காவல்காரம்மா நாற்பத்திரண்டு கண்ணி எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்தபோது பெஞ்சில் அவளுடைய இருமல் மருந்துக் குப்பியும் கீழே ஒரு ஜோடிச் செருப்பும்தான் இருந்தன. பஞ்சுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு அறை, கிடங்கு, மொட்டைமாடி, வாசல் தெரு என்று எல்லா இடமும் தேடிவிட்டு, ஆறாம் அறைக்கே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் கையை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்த காவல்காரம்மா பன்னிரண்டாவது அடியில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. இங்க நின்னு பாருங்க. அந்தப் படிக்கு மேல."

சிவப்புப் பூக்களுக்கு நடுவில், பாதையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் தீற்று. அதற்கு மேலே ஒரு புள்ளி கறுப்பு, முடி. முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்.

"நான் போட்ட ஸ்வெட்டர்தான் அண்ணே அது. என் கைப்பின்னல் எனக்குத் தெரியாதா?"

போலீஸ்காரர் ஒருவர் வந்து, பன்னிரண்டடி தள்ளி நின்று பார்த்து, ஆள் இருக்கிறாள், காணாமல் போகவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் இடமாற்றச் சான்றிதழ் கொடுத்தார்கள். இயக்குநர் அட்டையைக் கழற்றி 'மனிதர்: ஒருவர்' என்று திருத்தி மாட்டினார். பஞ்சுக்காரர் நாலு மாதம் அந்தப் பன்னிரண்டாவது அடியிலேயே பழியாகக் கிடந்தார். அவள் தினமும் ஒவ்வொரு இடத்தில் இருப்பாள். திங்கட்கிழமை படியில், புதன்கிழமை மணலில், வெள்ளிக்கிழமை வெள்ளைக் கதவின் மேல் சாய்ந்தபடி. நடப்பதை யாரும் பார்த்ததில்லை, ஆனால் பார்க்காத நேரத்தில் நடந்திருப்பாள். ஒரு தீற்றுத்தான், ஒரே ஒரு தீற்று. அதிலேயே அவளுடைய தோள்கள் இறங்கிவிட்டது அவருக்குத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று அவர் பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்குப் போனால் வீடு சத்தமில்லாமல் கிடக்கும். அங்கே எப்போதும் பதினோரு மணி ஆயிற்றே, பிள்ளை எப்போது தூங்குவாள் என்று கவலைப்படுவார். காலையில் வந்ததும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். ஒருநாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பழுப்புக்கு மேல் எப்போதும் கறுப்புத்தான். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று காவல்காரம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. கடலோரத் தோட்டத்தைக் கண்காட்சிக்கு இரவல் கேட்டிருந்தார்கள்; பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும், கூட ஒரு ஆள் போகலாம், ஆனால் படத்தைத் துலக்கித் தர வேண்டும் என்பது நிபந்தனை.

"சார், அதுல பிள்ளை இருக்கா."

"தெரியும். பாப்பாவும் நாலு ஊர் பாக்கட்டுமே. கூட நீங்கதான் போகப்போறீங்க" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க துலக்கலைன்னா அவங்க ஆளுங்க வந்து செய்வாங்க. அவங்க எச்சில் எல்லாம் தொட மாட்டாங்க. மருந்து போட்டுத்தான் துடைப்பாங்க" என்றார்.

மருந்து என்றால் என்ன என்று பஞ்சுக்காரருக்குத் தெரியும். மண்டையைக் குடைகிற அந்த நெடியை விசிலால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியாது. நானே செய்கிறேன், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

நாலு பேர் சேர்ந்து படத்தை இறக்கிப் பட்டறை மேஜையில் படுக்க வைத்தார்கள். இறக்குவதற்கு முன் காவல்காரம்மாவைப் பன்னிரண்டாவது அடியில் நிறுத்தி, மகள் எங்கே என்று பார்க்கச் சொன்னார். வலது ஓரம், வெள்ளைக் கதவுக்கு வெளியே, மணலில். அந்த இடத்தையும் அதைச் சுற்றி எட்டுக் கட்டங்களையும் நூலால் வேலி மாதிரி கட்டி, அதைக் கடைசியில் தொடுவது என்று வைத்துக்கொண்டார். எதிர் மூலையில், இடது கீழே, பாதை தொடங்கும் இடத்தில் வேலையை ஆரம்பித்தார். பட்டறையின் மொத்த நீளமே ஒன்பது அடிதான். பன்னிரண்டுக்கு அங்கே வழியில்லை. பாதி துலக்கிய படத்தைத் தூக்கவும் கூடாது. ஆகவே வேலை முடியும்வரை மகள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள் என்று தெரிந்தேதான் குனிந்தார். நெற்றிக் கண்ணாடியையும் பெரிய முகத்தையும் பார்த்துப் பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று, அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய காலத்தில் முனகிய மெட்டை மூக்காலேயே முனகிக்கொண்டு பஞ்சை உருட்டினார். கட்டத்துக்குக் கட்டம் பாதை வெளுத்தது. இத்தனை வருஷத்துச் சிமெண்ட் தூசிக்கு அடியில் சரளைக்கல் ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பு என்று அப்போதுதான் தெரியவந்தது.

ஒன்பதாம் நாள் முற்பகல், இடது கீழ்க் கட்டம் ஒன்றில், முந்தின நாள் தான் துடைத்த இடத்துக்குப் பக்கத்தில், அவர் ஒரு பழுப்பு அழுக்கைப் பார்த்தார். நேற்று விட்டுப்போயிற்றோ, ஈ எச்சமோ என்று நினைத்தார். பழுப்புக்கு மேலே ஒரு புள்ளி கோதுமை நிறம் இருந்தது; பழைய வார்னிஷ் திரண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். கறுப்பு இல்லை. கறுப்பு இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கும். நிமிர்ந்து பார்த்தார், நூல்வேலி வலது ஓரத்தில் கட்டினபடியே இருந்தது. மகள் அங்கே பத்திரமாக இருந்தாள் என்றே அவர் கணக்கு. பஞ்சை வாயில் வைத்து நனைத்தார். விதிப்படி முதலில் ஓரத்தில் ஒரே ஒரு உருட்டு. அசைந்தது. எச்சிலுக்கு அசைந்தால் அழுக்கு. நூறு வருஷத்துச் சாயம் அசையாது என்பது சரி. நாலு மாதத்துச் சாயம் அசையும் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, அப்படி ஒரு சாயத்தை அதுவரை எந்தத் துலக்குக்காரரும் சந்தித்ததும் இல்லை. மூன்று உருட்டில் சுத்தமாக வந்துவிட்டது. பஞ்சை ஜாடியில் போட்டார். அடியில் சரளைக்கல் பளிச்சென்று சிரித்தது. வேலை திருப்தியாக இருந்ததால் அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பதினெட்டாம் நாள் நூல்வேலியைப் பிரித்து, கடைசி ஒன்பது கட்டங்களில் பஞ்சு படாமலே ஊதி ஊதித் தூசியை மட்டும் எடுத்தார். படத்தைத் திரும்ப மாட்டினார்கள். துலக்கிய படம் கண்ணைப் பறித்தது. கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பஞ்சுக்காரர் எண்ணிப் பன்னிரண்டு அடி வைத்துத் திரும்பினார். கதவுக்கு வெளியே யாரும் இல்லை. படியில் இல்லை. செடிகளுக்கு நடுவில் இல்லை. காவல்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவள்தான் முதலில் தடத்தைக் கண்டது. ஈர மணலில் தொடங்கி, வெள்ளைக் கதவைத் தாண்டி, மூன்று படி ஏறி, பாதை நெடுக, ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள். முனகல் கேட்டு வந்திருக்கிறாள். அப்பா இத்தனை கிட்டே குனிந்திருக்கிறாரே என்று, இடது கீழ் மூலைவரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். அங்கே தடம் நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை.

கோதுமை நிறம் என்ன என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது முகம். நாலு மாதமாக எந்த முகத்துக்காக ஏங்கினாரோ அந்த முகம். அவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது; அதை அவர் தன் எச்சிலாலேயே துடைத்துப் போட்டிருக்கிறார்.  பேச வாயைத் திறந்தார், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று வற்றிய எச்சில் அதன் பிறகு அவர் வாயில் ஊறவே இல்லை. ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் விட்டுத்தான் விழுங்கினார். படம் துலக்குவது அத்தோடு போயிற்று.

அந்தப் படத்துப் பஞ்சைப் போட்டு வைத்த பன்னிரண்டாம் ஜாடியை எடுத்து வந்து வெள்ளைத் துணியில் கொட்டினார். நானூறு பஞ்சுக்கு மேல் இருந்தது. காவல்காரம்மா மீந்துபோன பழுப்பு நூலைக் கொண்டுவந்து ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்த்தாள். எல்லாமே பொருந்தின. அந்த ஊர்த் தூசிக்கும் அந்த ஸ்வெட்டருக்கும் நிறத்தில் நூலிழை வித்தியாசம் இல்லை. அதற்காகத்தானே அந்த நிறத்தையே கேட்டு வாங்கினார். கோதுமை நிறம் ஒட்டிய பஞ்சும் தேறவில்லை, வார்னிஷ் பட்ட பஞ்செல்லாம் கோதுமை நிறம்தான். படத்திலிருந்து எடுத்தே பழகிய கை முதல்முறையாக வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு பஞ்சாகத் தண்ணீரில் நனைத்து, தடம் நின்ற இடத்தில் ஒற்றி, பன்னிரண்டடி பின்னால் ஓடி வந்து பார்த்தார். காவல்காரம்மா பொய் சொல்லத் தெரியாதவள்.

"அழுக்கா இருக்கு அண்ணே."

துடைத்துவிட்டு அடுத்தது. மறுபடி அழுக்கு. மறுபடி துடைக்க வேண்டும். துடைக்கிறபோதெல்லாம், இதுதான் அவளோ என்று கை பின்வாங்கும். பதினேழாவது தடவை அவரால் துடைக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டார். காவல்காரம்மா தன் முந்தானையை நனைத்து அந்த ஒன்றைத் துடைத்தாள், அந்த முந்தானையை அதோடு வெட்டி ஜாடிக்குள் போட்டாள்.

மூன்றாம் நாள் கிடங்கிலிருந்து சத்தம் கேட்டது. இழுப்பு, மெல்லிசாக ஒரு விசில், கடைசியில் இரண்டு சின்ன இருமல். பன்னிரண்டாம் ஜாடியின் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து, விலகி, படிந்துகொண்டிருந்தது. பஞ்சுக்காரர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அது சொத்துப் பதிவேட்ல ஏறிடுச்சே. அழுக்க வெளிய அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல, உங்களுக்கே தெரியும்."

பஞ்சுக்காரர் ஜாடியை மேஜைமேல் வைத்து மூடியைக் கொஞ்சம் திறந்தார். இயக்குநர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார், மறுபடி திறந்தார், பதிவேட்டில் பன்னிரண்டாம் ஜாடிக்கான வரியை அடித்தார். படத்தோடு போகவேண்டிய அட்டையை எடுத்து 'ஒருவர்' என்பதையும் அடித்தார். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பஞ்சுக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

படம் பெட்டியில் ஏறிப் போயிற்று. அவர் கூடப் போகவில்லை; போவதற்கென்று கட்டி வைத்திருந்த பையை அவிழ்க்கவும் இல்லை. ஒரு வருஷத்தில் திரும்ப வேண்டிய படம் ஆறு வருஷம் ஊர் சுற்றியது. பெஞ்சில் உட்கார்ந்து பழகிய கிழவர்களில் ஐந்து பேர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். பஞ்சுக்காரர் ஜாடி மூடியில் ஆணியால் துளை போட்டு, வீட்டு ஜன்னல்களில் ஈரத்துணி கட்டி, குளிர்காலத்தில் பக்கத்தில் வெந்நீர் வைத்துக் காப்பாற்றினார். டாக்டர் வந்து கண்ணாடிமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, பழைய சீட்டையே புதிதாக எழுதிக் கொடுத்தார். உண்மையான கடலுக்கே கூட்டிப் போய்விடலாம் என்று ஒரு கோடையில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். மூச்சுச் சத்தம் கேட்ட டிக்கெட் பரிசோதகர் பிள்ளைக்கு அரை டிக்கெட் போட்டார். மூன்றாம் நாள் போய் இறங்கினால் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது, கரையெல்லாம் டீசல் நாற்றம். விசில் இன்னும் இறுகியது. இது அவளுடைய கடல் இல்லை. அன்றைக்கே அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது ஜாடியை எதிரே வைத்துக்கொள்வார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வார். நீ திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியவில்லையே என்பார். சிவப்பே வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பார். பதிலுக்கு விசிலும் இரண்டு இருமலும் மட்டும்தான். மன்னித்தாளா, கேட்கவாவது கேட்டதா, ஒன்றும் தெரியாது. ஊரில் அவள் வயதுப் பெண்களுக்குக் கல்யாணமெல்லாம் ஆகிவிட்டது. ஜாடிக்குள் இருந்த மூச்சுக்கு மட்டும் வயது பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் சத்தம் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பார். இருந்தால், கஷ்டப்படுகிறாளே என்று நெஞ்சு வெடிக்கும். ஒருவேளை இல்லாமல் போனால் என்று நினைக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் தலை நரைத்தது.

ஆறு வருஷம் கழித்துப் படம் திரும்பி வந்தபோது, போன இடத்தில் யாரோ அதன் மேல் கண்ணாடி மாதிரி தடிமனாக வார்னிஷ் பூசி அனுப்பியிருந்தார்கள். தடம் அதற்கு அடியில் பத்திரமாக மூடிக்கிடந்தது. இனிமேல் அங்கே எதையும் வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. காற்றும் பாதிதான் வந்தது. பழைய இடத்துப் பெஞ்சுவரை அது எட்டவில்லை. அதனால் பஞ்சுக்காரருக்கும் ஜாடிக்கும் என்று, படத்துக்கு மூன்றே அடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்தால் தோட்டம் தெரியாது, கடல் தெரியாது, வெறும் திட்டுகள்தான் தெரியும். பன்னிரண்டாவது அடிக்குப் போனால் அவருக்குத் தோட்டம் கிடைக்கும், அவளுக்குக் காற்று கிடைக்காது. அவர் மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்தார். விசில் அடங்கவில்லை, கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

அந்த வருஷக் குளிர் தொடங்கும்போது காவல்காரம்மா கூச்சத்தோடு ஒரு நூல்கண்டை எடுத்துக் காட்டினாள். சிவப்பு.

"ஜாடிக்குப் பின்னலாம்னு பாக்கறேன் அண்ணே. கழுத்து மட்டும் வெச்சாப் போதுமா, கையும் வேணுமா?"

பஞ்சுக்காரர் நூல்கண்டை வாங்கி ஜாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"கையும் வெச்சுப் பின்னுங்கம்மா" என்றார். "தூரத்துலேருந்தே தெரியணும்."

அவருக்கு இப்போது ஓய்வு கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. தினமும் காலை பத்தேமுக்காலுக்கு, சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஸ்வெட்டரின் கை இரண்டும் வெறுமனே தொங்கிக்கொண்டு வரும். ரயிலேறி வெளியூரிலிருந்து வந்து பன்னிரண்டாவது அடியில் நின்று பார்க்கிறவர்களுக்கு, தோட்டத்தின் இடது கீழ் மூலையில் மற்றப் பூக்களைவிட ஒரு பூ பெரிதாகத் தெரியும். பக்கத்தில் நரைத்த தலை ஒன்று குனிந்திருக்கும். படம் நன்றாக இருக்கிறது, அந்தக் கிழவர் உருவம்தான் கொஞ்சம் சோகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் அவர்களைத் திருத்துவதில்லை. "ரெண்டு பேரும் வந்தாச்சா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, காவல்காரம்மா தன் நாற்காலிக்குப் போய், பதிவேட்டைத் திறந்து தேதி போட்டு, 'காற்று, குறைவு. மூச்சு, நேற்று மாதிரியே' என்று எழுதுவாள்.